தம்பியின் ரத்தம், அண்ணனின் தொடை

ரத்தப் புற்றுநோய்க்காகத் தம்பியிடமிருந்து ஸ்டெம் செல் பெற்றுக்கொண்ட ஒருவருக்கு ஓராண்டு கழித்து ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், அந்த ரத்தம் தம்பியுடையது என்றுதான் விடை வரும். ரத்த வகைகூட மாறியிருக்கலாம். ஓட்டுநர் உரிமத்தில் பி பாசிட்டிவ் என்று அச்சாகியிருப்பவர் இப்போது ஓ பாசிட்டிவாக நடமாடிக்கொண்டிருப்பார். தலைமுடியும் தொடைத் தசையும் பழையபடி அண்ணனுடையவையே. ஒரே தோலுக்குள் இரண்டு பேர். ரத்தம் முழுக்கக் கொடையாளருடையது என்று அறிக்கை வரும் நாளில் வீட்டார் சாமிக்கு விளக்கேற்றுகிறார்கள். ஏற்றத்தான் வேண்டும், புதிய ரத்தம் வேரூன்றிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு நெருடல் தங்கிவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் நல்லபடியாக இருந்தவர், மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வரும் வேளையில், சாப்பிட்டு முடித்துத் தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறார். அடுத்த வாரம் சுவரைப் பிடிக்கிறார். அதற்கடுத்த வாரம் யாரையாவது கூப்பிடுகிறார். தம்பியின் ரத்தம் அண்ணனின் தொடையை அயலார் உடைமை என்று அடையாளம் கண்டுவிட்டது.

கொடுத்ததே கடிக்கிறது என்றால் அதை என்ன மனநிலையில் ஏற்றுக்கொள்வது?

இந்தக் கேள்வியை ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரில் வைத்து யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நகரின் வடகிழக்கு ஓரத்தில், குஷாய்குடாவுக்கும் காப்ராவுக்கும் பக்கத்தில் இருக்கும் பேட்டை அது. பெயருக்குரிய அய்யகாரி சாம்பசிவ ராவ், டிராம்பேயில் அப்சரா அணு உலையின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குப் பொறுப்பேற்றிருந்தவர். 1967ல் ஹைதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர். இன்றும் அந்தத் திசைக்குப் போகும் பஸ்களின் நெற்றியில் ஈசிஐஎல் என்றே எழுதியிருக்கும். ஒரு காலத்தில் வீடுகளில் இருந்த ஈசி டிவியும், வாக்குப்பதிவு இயந்திரங்களில் ஒரு பகுதியும், கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளும் அங்கே செய்யப்பட்டவை. பக்கத்திலேயே அணு எரிபொருள் வளாகம். அணுசக்தித் துறையின் வேலைக்காக ஊர் விட்டு வந்து, ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. லிஃப்ட் இல்லாத பழைய இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. மொசைக் படிகள், பாதி ஏறியதும் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு திருப்பம், கைப்பிடிச் சுவரில் காயும் துணி. கதிரியக்கத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர்களின் பேட்டை அது. தம்பியின் ஸ்டெம் செல்லை அண்ணனுக்குக் கொடுக்கும் இந்த மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையோ கதிரியக்கத்தின் பயத்திலிருந்து பிறந்தது.

ஹிரோஷிமாவில் குண்டு வெடிப்புக்குத் தப்பியவர்களில் பலர் வாரக்கணக்கில் கழித்து இறந்தார்கள். வெளியே பெரிய காயம் இல்லை. எலும்புக்குள் மஜ்ஜை அழிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கூடங்கள் எலிகளைக் கதிர்வீச்சுக்கு ஆட்படுத்தி, எது அவற்றைக் காப்பாற்றும் என்று தேடத் தொடங்கின. 1949ல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை ஈயத்தால் மூடிவைத்துவிட்டால் அது பிழைத்துக்கொள்கிறது என்று கண்டார். 1951ல் எகான் லோரன்ஸின் குழு, வேறொரு எலியின் மஜ்ஜையை ஊசி வழியே செலுத்தினாலும் பிழைக்கிறது என்று காட்டியது. 1958 அக்டோபர் 15 அன்று அன்றைய யுகோஸ்லாவியாவின் வின்சா அணு ஆய்வுக்கூடத்தில் விபத்து நேர்ந்து ஆறு இளைஞர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்ட அவர்களில் ஐவருக்கு ஜார்ஜ் மாத்தே என்ற மருத்துவர் மஜ்ஜை செலுத்தினார். முன்பின் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொடுத்திருந்தார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களைக் காப்பாற்றியது அந்த மஜ்ஜைதானா என்று பிற்பாடு ஆய்வாளர்களுக்குள் ஐயம் எழுந்தது. அந்த ஐயம் கொடுத்தவர்களின் பெருமையைக் குறைப்பதாகத் தோன்றவில்லை. பலன் நிச்சயமில்லாத கொடை அது. இன்று வரை இந்தச் சிகிச்சையில் கொடை அப்படித்தான் இருக்கிறது.

எலிகளுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் நெருடல் அங்கேதான் முதலில் தலைகாட்டியது. கதிர்வீச்சிலிருந்து பிழைத்த எலிகள் சில வாரங்கள் நன்றாக இருந்தன. பிறகு மெலிந்தன, வயிற்றுப்போக்கு வந்தது, ரோமம் கலைந்து தோல் புண்ணானது, செத்தன. முதல் நோய் போன பின் வருவது என்பதால் ஆய்வாளர்கள் அதை இரண்டாம் நோய் என்றார்கள். உள்ளே போன மஜ்ஜையே புதிய உடலைத் தாக்குகிறது என்று தெளிய ஆண்டுகள் ஆயின. இந்தத் தாக்குதல் நிகழ மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று ரூப்பர்ட் பில்லிங்ஹாம் 1966ல் வகுத்துச் சொன்னார். வருவதில் போரிடத் தெரிந்த செல்கள் இருக்க வேண்டும். பெறுபவரின் திசுவில் அந்தச் செல்களுக்குப் புதியதாகத் தெரியும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். மூன்றாவது, பெறுபவருக்கு வந்ததை வெளியே தள்ளும் சக்தி இருக்கக் கூடாது. முதல் இரண்டும் விஞ்ஞானக் குறிப்புகளாக நகர்ந்துவிடுகின்றன. மூன்றாவது மனதில் தைக்கிறது. பெறுவதற்காகத் தன் எதிர்ப்புச் சக்தி முழுவதையும் மருந்தால் அழித்துவிட்டுப் படுத்திருப்பவரின் நிலைமை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1957ல் மனிதர்களிடம் தொடங்கிய முயற்சிகள் பெரும்பாலும் தோல்வியில் முடிந்தன; உடன்பிறந்தவர்களின் திசுப் பொருத்தத்தைப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் பாதை திறந்தது. அவருக்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி முதல் மாற்றைச் செய்தார். பெற்றுக்கொண்டவள் ஒன்பது வயதுச் சிறுமி. 1986ல் வேலூர் சிஎம்சியில் மேமன் சாண்டி தொடங்கினார். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, ஆந்திரத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்கும் குடும்பங்களுக்கும் மஜ்ஜை மாற்று என்றால் வேலூர் என்றே ஆனது. இதில் ஒரு தற்செயல் உண்டு. மும்பையில் அந்தச் சிறுமி பிழைத்த அதே 1983ல்தான் அமெரிக்காவின் நியூராலஜி இதழில், மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் தசை அழற்சியைப் பற்றிய ஆரம்பகாலக் குறிப்புகளில் ஒன்று வெளிவந்தது. நம் ஊரில் கதவு திறந்த ஆண்டிலேயே, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன காத்திருக்கிறது என்று வேறோர் ஊரில் எழுதிவைத்திருந்தார்கள்.

இந்தத் தசை அழற்சி அரிதான சிக்கல்தான். கொடையாளர் செல்கள் பெற்றவரின் உடலைத் தாக்கும் நோயை மருத்துவமனையில் எல்லோரும் ஜிவிஹெச்டி என்கிறார்கள். தோல், வாய், கண், ஈரல், குடல், நுரையீரல் ஆகியவையே அதன் வழக்கமான இலக்குகள். தசையைத் தொடுவது மிகச் சிலருக்கே. அரிது என்பது மருத்துவருக்கு ஒரு அளவு. அது வந்துவிட்ட வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. அரிதாக இருப்பதாலேயே கண்ணில் படாமலும் போகிறது. பெரும்பாலும் மாற்று நடந்து பல மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் சைக்ளோஸ்போரினையோ டாக்ரோலிமஸையோ ஸ்டீராய்டையோ படிப்படியாகக் குறைக்கும்போது அது எழுகிறது. மாத்திரை குறைவதை வீடு விடுதலையாக எண்ணிக் காத்திருக்கிறது. காலையில் ஏழு, எட்டு என்றிருந்தது மூன்றாகிறது. மருந்து டப்பாவில் காலிக் குழிகள் கூடுகின்றன. உறவினர்கள் போனில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், "மாத்திரையெல்லாம் கொறச்சிட்டாங்களா?" என்று. அந்தக் குறைவில்தான், அதுவரை மருந்து வாய்மூடி வைத்திருந்த, டி செல்கள் எனப்படும் எதிர்ப்புச் செல்கள் தசைநார்களுக்கு நடுவே போய்ச் சேர்கின்றன.

இடுப்பைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் உள்ள பெரிய தசைகளே முதலில் சோர்கின்றன. கைவிரல்கள் வேலை செய்கின்றன, பேனா பிடிக்க முடிகிறது, சட்டைப் பொத்தான் போட முடிகிறது. ஆனால் தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியில் இறங்கிவிடுகிறது. பரணிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. மேலைநாட்டுப் பாடநூல்கள் நாற்காலியிலிருந்து எழுவதையும் மாடிப்படியையும் அடையாளமாகச் சொல்கின்றன. நம் வீடுகளில் உடல் அதைவிட முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் நாம் இன்னும் தரையில் வாழ்கிறவர்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறோம், குந்தி உட்கார்ந்து காய் நறுக்குகிறோம், இந்திய முறைக் கழிப்பறையில் காலையில் முதல் வேலையே முழு உடலையும் தொடையால் தூக்குவது. குழாயடியில் குனிந்து நிரப்பிய குடத்தை இடுப்புக்கு ஏற்றும் பெண்ணுக்கு அது மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும். தொடை வலிக்கலாம், தொட்டால் நோகலாம். வலியே இல்லாமல் வெறுமனே வலுவிழந்தும் போகலாம். கழுத்தின் முன்தசை தளர்ந்தால் படுக்கையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. சிலருக்கு விழுங்குவது சிரமமாகிறது, சோறு தொண்டையில் நிற்கிறது. மூச்சுத் தசைகளைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. தசையை மூடியிருக்கும் உறை இறுகும் வகை ஒன்றும் உண்டு. அதில் தோல் சாத்துக்குடித் தோல்போலக் குழிவிழுந்து, மணிக்கட்டும் விரல்களும் மடங்காமல் போகும். அதை அளக்க உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் படத்தொகுப்பில் மணிக்கட்டுக்கான நிலை இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைப்பது, அதாவது வணக்கம் சொல்வது. அது முடியாமல் போன ஒருவர் வீட்டுக்கு வந்தவரை எப்படி வரவேற்பார் என்று எண்ணும்போது அளவீட்டுத் தாளைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு தெளிவான அடையாளங்கள் இருந்தும் ஏன் தாமதமாகிறது? முதல் விடை மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து ஸ்டீராய்டு. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தாலும் அதே தொடை, அதே தோள் தளர்கின்றன. கேட்க விசித்திரமாக இருந்தாலும் நோயும் மருந்தும் ஒரே தசையை, ஒரே விதத்தில் பலவீனமாக்குகின்றன. ஒன்றில் மருந்தைக் கூட்டினால் நோயாளி தேறுவார், மற்றதில் கூட்டினால் இன்னும் விழுவார். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாத வேறுபாடு இது. ரத்தத்தில் சிபிகே என்ற நொதி ஓரளவு வழிகாட்டும்: அழற்சியில் தசைநார் உடைவதால் அது பலமடங்கு ஏறும், ஸ்டீராய்டால் வரும் தளர்ச்சியில் பெரும்பாலும் ஏறாது. அதோடும் முடிவதில்லை. கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் சிபிகேயை ஏற்றும். முழுஉடல் கதிர்வீச்சுக்குப் பிறகு தைராய்டு குறைந்தாலும் ஏறும். கிருமித் தொற்றும் காரணமாகலாம். ஆகவே தசையின் மின்னியக்கத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி, எம்ஆர்ஐ, கடைசியில் தசையிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2005ல் வகுத்த வரையறையும் தசை அழற்சியைத் தனித்துவமான அடையாளம் என்றுதான் வைத்திருக்கிறது, தன்னளவில் நோயை உறுதிசெய்யும் அடையாளம் என்று அல்ல. கொடுத்தவர் ஆணாகவும் பெற்றவர் பெண்ணாகவும் இருந்தால், அந்தத் தசைத் துண்டில் நிற்கும் செல்களில் ஒய் குரோமோசோமைத் தேடிப் பார்க்க முடியும். அக்காவின் தொடைக்குள் தம்பி நிற்பதை நுண்ணோக்கியில் காண்பதற்கு ஒப்பானது அது.

இரண்டாவது விடை வீட்டுக்குள் இருக்கிறது. அதைப் பற்றி மருத்துவ இதழ்கள் அதிகம் பேசுவதில்லை. நன்றியுணர்வு வாயைக் கட்டிவிடுகிறது. உயிரையே வாங்கிக்கொண்டவர் கால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? வீட்டை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்து, நாலு பேரிடம் கையேந்தி நடத்திய சிகிச்சை. கொடுத்த தம்பி எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு எலும்பு வலியோடு படுத்திருந்தவன் அவன். அவன் முன்னால் எழ முடியவில்லை என்பதே ஒரு குற்றச்சாட்டுபோல ஆகிவிடுகிறது. அதனால் "அசதியா இருக்கு", "வயசாகுதுல்ல", "சத்து பத்தல" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அம்மா ஆட்டுக்கால் சூப் வைக்கிறாள். கொடுத்தவனுக்கோ இன்னொரு பாரம். தன் ரத்தம்தான் அண்ணனை வதைக்கிறது என்று தெரியவரும்போது அவன் குற்றவுணர்ச்சியைச் சுமக்கத் தொடங்குகிறான். அது நியாயமற்ற பாரம். அந்தச் செல்கள் அவனை விட்டுப் போய்விட்டன. அவற்றுக்கு அவனுடைய அன்பும் தெரியாது, பழைய சொத்துத் தகராறும் தெரியாது. அவை அண்ணனுடைய உடலில் வளர்ந்து, அண்ணனுடைய சோற்றில் பெருகி, தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கின்றன. 2009 முதல் சென்னையிலிருந்து இயங்கும் டாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகள் வழியே முகம் தெரியாதவர்களின் ஸ்டெம் செல்லும் வந்துசேர்கிறது. அங்கே இந்தச் சங்கடம் குறைவு, ஆனால் யாரென்றே தெரியாதவரின் செல்லோடு வாழ்வதன் வேறொரு சங்கடம் இருக்கிறது.

அந்த ஒரே வேலைதான் அவரைக் காப்பாற்றியதும் என்பது இந்த விஷயத்தின் கடினமான முடிச்சு. 1979லும் 1981லும் டோனல் தாமஸின் சியாட்டில் குழு வெளியிட்ட ஆய்வுகள், கொடையாளர் செல்களின் தாக்குதலுக்கு ஆளானவர்களில் ரத்தப் புற்றுநோய் திரும்புவது குறைவாக இருக்கிறது என்று காட்டின. தொடையை அயலாகக் காணும் கண்ணே ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல்லையும் அயலாகக் காண்கிறது. எனவே மருத்துவர் தாக்குதலை முழுக்க அடக்கிவிடத் தயங்குகிறார். இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்குப் புற்றுநோயே இல்லை. கொல்ல வேண்டியது எதுவும் உடலில் இல்லை. அந்தக் குழந்தைக்கு இந்தத் தாக்குதல் முழு நஷ்டம். ஹைதராபாத்தில் தலசீமியா, சிக்கிள் செல் குழந்தைகளுக்காக 1998 முதல் இயங்கும் ஒரு சங்கத்தில் ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்து உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு மாற்றுச் சிகிச்சை ஒரு பெரிய கனவு. கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் தகுதியான குழந்தைகளின் மாற்றுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் நம் திட்டங்களும் நன்கொடைகளும் பெரும்பாலும் மாற்று என்ற சம்பவத்தைச் சுற்றியே கட்டப்பட்டவை. மூன்றாம் ஆண்டில் தொடை தளரும்போது எடுக்கும் எம்ஆர்ஐக்கும், மாதக்கணக்கான பிசியோதெரபிக்கும், வேலூருக்கும் ஹைதராபாத்துக்கும் இடையிலான டிக்கெட்டுக்கும் குடும்பம் தனியாகத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. இது சரியல்ல. பிழைக்கவைத்த பிறகு நடக்கவைப்பதும் அதே சிகிச்சையின் பகுதிதான்.

இன்னொரு செய்தி இந்த நெருடலை வேறு பக்கம் திருப்புகிறது. மாற்றுச் சிகிச்சையே செய்துகொள்ளாத நாமும் முழுக்க நாம் அல்ல. கருவிலிருந்த மகனின் செல்கள் தாயின் ரத்தத்தில் 27 ஆண்டுகள் வரை தங்கியிருப்பதை டயானா பியாங்கி 1996ல் காட்டினார். தாயின் செல்களும் பிள்ளைக்குள் வளர்ந்த பிறகும் கிடக்கின்றன. டோனல் தாமஸ் பணியாற்றிய அதே சியாட்டில் ஆய்வு நிலையத்தில் லீ நெல்சன் என்ற மூட்டு நோய் மருத்துவர், கொடையாளர் செல்லின் தாக்குதலுக்கும் தானாக வரும் சில தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, இந்த விருந்தாளிச் செல்களுக்கும் அந்த நோய்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்டார். 2000ல், தோலையும் தசையையும் தாக்கும் அழற்சி வந்த சிறுவர்களிடம் தாயின் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அவைதான் காரணமா, சீர்செய்ய வந்தவையா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தம்பியின் ரத்தத்தோடு வாழ்பவரை ஏதோ இயற்கைக்கு மாறானவராகப் பார்க்கும் பார்வைக்கு இதற்குப் பிறகு இடமில்லை. அம்மாவைச் சுமந்துகொண்டிருக்கும் எல்லோருக்கும் அவர் உறவுதான்.

சிகிச்சை இருக்கிறது; பலர் தேறுகிறார்கள். ஸ்டீராய்டை மீண்டும் கூட்டி, அதோடு வேறு மருந்துகளைச் சேர்த்து, தசை சிறிது சிறிதாகத் திரும்புகிறது. ஸ்டீராய்டுக்கு அடங்காத நாள்பட்ட தாக்குதலுக்கு அமெரிக்காவில் 2021ல் ஒப்புதல் பெற்ற ருக்ஸோலிடினிப் இந்தியாவிலும் கிடைக்கிறது. இதில் எதையும் வீட்டில் தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சீக்கிரம் கண்டால் இழந்த தசையில் பெரும்பகுதி மீளும். தாமதித்தால் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பிவிடும், அது திரும்புவது கடினம். வீட்டில் மாற்று முடிந்தவர் இருந்தால், மாத்திரை குறையத் தொடங்கிய நாளிலிருந்து வாரம் ஒருமுறை அவரைத் தரையில் உட்காரவைத்து, கையூன்றாமல் எழச் சொல்லிப் பாருங்கள். போன வாரம் எழுந்தவர் இந்த வாரம் எழவில்லை என்றால் சூப் வைத்துக் காத்திருக்க வேண்டாம். மாற்று செய்த மருத்துவரைக் கூப்பிட்டு, சிபிகே பார்க்க வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள். அதைக் கேட்கும்போது கொடுத்தவரும் பக்கத்தில் இருக்கட்டும், அவரிடம் மறைக்க வேண்டாம்.